விளக்கு வைக்கிற நேரத்து வாசற்கதவு

எங்கள் வீட்டு ஜன்னல்களுக்குக் கம்பி வலை அடித்தவன் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நாலு எழுத்து படித்தவன் கையில் சுத்தியல் அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நான் ஒரு சாட்சி, அவ்வளவுதான். தச்சு வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு புத்தகங்களையும், வீட்டுச் சுகாதாரத்தைப் பற்றி ஒன்றையும் ஒரு வரி விடாமல் வாசித்திருந்தேன். ஆணியைப் பற்றி அவற்றில் எழுதியிருந்ததெல்லாம் எனக்குத் தெரியும். ஆணிக்குத்தான் தெரியவில்லை.

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலில் கல்லைக் கொட்டிப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் இரண்டாவது கிராணி. கிராணி என்றால் ஆபீசில் எழுதுகிறவன்; லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குத் துரையைச் சேர்ந்தவனாகவும், துரைக்கு லயத்தைச் சேர்ந்தவனாகவும் தெரிகிற ஒரு பிறவி. எனக்குக் கொடுத்திருந்த வீடு கால்கள் மேல் நின்ற பலகை வீடு. துரையின் பங்களாவைக் கட்டி முடித்தபின் மிஞ்சிய மரத்தில் சீனத் தச்சர் ஒருவர் அதைக் கட்டினார். அதனால் நான்கு ஜன்னல்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அத்தாப்பு ஓலைக் கூரை. முன்னால் ஐந்து படி, படிக்கு மேல் இரட்டைக் கதவு போட்ட வாசல், பின்னால் அடுப்படிக்கு ஒரு கதவு.

அந்த வீட்டுக்குப் போகும்போது நாங்கள் நான்கு பேர். இரண்டாவது மழைக்காலத்தில் மூன்று பேர் ஆனோம். பையனுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. குளிர்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது, பிறகு தினமும் வந்தது, பிறகு வரவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவனைக் கொசுவலைக்குள்தான் படுக்க வைத்திருந்தோம். ஆனால் குழந்தை படுக்கிற நேரம் வேறு, கொசு எழுந்திருக்கிற நேரம் வேறு. அதை நான் பிற்பாடுதான் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். என் அறிவு பெரும்பாலும் அப்படி, பிற்பாடு வந்து சேர்வது.

மனைவி அவனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். மூத்தவள், நான்கு வயதுப் பெண், எப்போதும் அவள் கண் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு மாற்றம் வெளியே தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“இந்தச் சன்னலுக்கெல்லாம் ஏதாவது செய்யுங்க. இவளையாவது காப்பாத்திக்கணும்.”

தட்டைப் பார்த்தபடியே சரி என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது என் தச்சு வேலை.

சுகாதார இலாகாவிலிருந்து ஆபீசுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வந்திருந்தது. ஜன்னலுக்கு நெருக்கமான கம்பி வலை அடித்துவிட்டால் கொசு உள்ளே வராது, கொசு வராவிட்டால் மலேரியா வராது என்று அதில் மிகவும் நியாயமாக எழுதியிருந்தார்கள். ஒரு ஜன்னலை இரண்டு தடவை அளந்தேன். புத்தகத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது. நான்கு ஜன்னலையும் அளக்கச் சொல்லவில்லை. அந்த அளவில் நான்கு துண்டு செம்புக் கம்பி வலைக்கு எழுதிப் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து படகேறி, ரயிலேறி, கடைசியில் மாட்டு வண்டியேறி வந்து சேர்ந்தது. நான் அளந்திருந்தது இருப்பதிலேயே சின்ன ஜன்னல். மற்ற மூன்றிலும் வலை ஒரு சாண், அரைச் சாண் என்று குறைந்தது. குறைந்த இடத்தில் பழைய கொசுவலைத் துணியை மடித்து வைத்துச் சட்டம் அடித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. இடது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. நான்காவது ஜன்னலின் கடைசி ஆணியை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாம் சரி. மழை வந்தா கதவை எப்படிச் சாத்துறது?”

ஜன்னல் பலகைக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. கையை வெளியே நீட்டிக் கொக்கியைக் கழற்றி இழுத்தால்தான் சாத்தலாம். கை நீட்டுகிற இடத்தில் இப்போது செம்புக் கம்பி இருந்தது. மூன்று புத்தகங்களிலும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அன்று பிற்பகலே மழை வந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு ஜன்னலாக வெளியிலிருந்து சாத்தினேன். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். “கிராணி வீட்டுக்குள்ள போக வழி தெரியாம நிக்கிறாரு” என்று ஒருத்தி சொன்னது மழையிலும் கேட்டது.

அதற்கு வழி கண்டுபிடித்தது மனைவிதான். ஒவ்வொரு வலையிலும் கீழ் மூலையில் கை நுழைகிற அளவுக்கு வட்டமாக வெட்டச் சொன்னாள். என் பழைய சட்டைகளின் கைகளைக் கத்தரித்து அந்த ஓட்டைகளைச் சுற்றித் தைத்தாள். சட்டைக் கைக்குள் கையை விட்டு வெளியே நீட்டிக் கொக்கியைக் கழற்ற வேண்டும்; வேலை முடிந்ததும் கையை எடுத்துவிட்டு ஒரு நாடாவால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட வேண்டும். ஆக எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கை இருந்தது. என் சட்டைகளுக்கு இல்லை.

பலகை இடுக்குகளில் கந்தலை அடைத்தோம். கூரைக்கு அடியில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டினோம். பின்வாசலில் வலை போட்ட கதவு ஒன்றைப் பொருத்தி, அது தானாகச் சாத்திக்கொள்வதற்காகக் கயிற்றில் தண்ணீர் நிரப்பிய சீசா ஒன்றைத் தொங்கவிட்டேன். கதவைத் திறந்தால் சீசா மேலே போகும், விட்டால் கீழே வரும். கீழே வரும் வழியில் என் நெற்றி இருந்தால் அதையும் கவனித்துக்கொள்ளும். முன்வாசலுக்கு ஒன்றும் செய்யவில்லை. அது கெட்டியான பலகைக் கதவு. சாத்தினால் கொசு என்ன, காற்றுகூட வராது. அதற்கு எதற்கு வலை?

இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்பு ஜன்னல்களைச் சுற்றிவந்து பார்ப்பேன். வலையில் நாலைந்து கொசுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே வர வழியில்லாமல் இரவெல்லாம் தவித்துச் சோர்ந்துவிட்டன என்று நினைத்துக்கொள்வேன். கோட்டைக்குள் இருந்து பகைவர் படையைப் பார்க்கிற அரசன் முகத்தில் என்ன தெரியுமோ அது என் முகத்திலும் தெரிந்திருக்கும். பெரிய கிராணியை ஒருநாள் கூட்டிவந்து காட்டினேன். அவர் சட்டைக் கைகளைப் பார்த்தார். காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது பெண் வெயிலில் போய் உட்கார்ந்திருந்தாள். குளிருது என்றாள். மனைவி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போர்வையை எடுத்துவந்து அவளைச் சுற்றி, தூக்கி உள்ளே கொண்டுபோனாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டிரஸ்ஸர்தான் டாக்டர். வந்து பார்த்தார், கொயினா மருந்து கொடுத்தார். வியாழக்கிழமை மறுபடியும் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமையும். பெண்ணின் கன்னம் ஒட்டி, கண் பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கண்ணை நாங்கள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தோம்.

சனிக்கிழமை மாலை டிரஸ்ஸர் வந்து பெண்ணின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை அடைத்தும் எங்கிருந்து வந்திருக்கும் என்று அவருக்கும் புரியவில்லை. சாக்குக் கூரையைத் தூக்கிப் பார்த்தார். பின்வாசலுக்குப் போய்ச் சீசாவிடமும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குள் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. மனைவி வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். முன்வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்து, குத்துவிளக்கை ஏற்றி, வாசலுக்கு நேரே வைத்தாள். லட்சுமி வருகிற நேரம். முன்வாசல் திறந்திருக்க வேண்டும். வந்தவள் அப்படியே பின்பக்கமாகப் போய்விடாமல் பின்வாசல் சாத்தியிருக்க வேண்டும். நன்றாக இருட்டுகிற வரையில் அரைமணி, முக்கால்மணி அப்படியே இருக்கும். என் தாயார் வீட்டிலும் அப்படித்தான், அவள் தாயார் வீட்டிலும் அப்படித்தான். கப்பலில் ஏறி வரும்போது நாங்கள் எதை எதையோ விட்டுவிட்டு வந்தோம், இதைக் கொண்டுவந்தோம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மூச்சு விடுவதைப் போல அது தானாக நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் அதே வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு, நான் பத்திரிகை படிப்பது வழக்கம்.

டிரஸ்ஸர் திறந்த வாசலைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஜன்னலுக்குப் போனார்.

“கிராணி, இங்க வாங்க. இந்தக் கொசு எங்க இருக்கு?”

“வலையில இருக்கு.”

“வலையில எந்தப் பக்கம்?”

விரலால் தொட்டேன். கொசு எழுந்து என் காதோரமாகப் பறந்து போயிற்று. அடுத்ததைத் தொட்டேன். அதுவும். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் வெளியே போக வழியில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவற்றைப் பார்த்துத்தான் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். வாசலை விரியத் திறந்து உள்ளே அழைத்துக்கொண்டு, நான்கு பக்கமும் செம்புக் கம்பியால் அடைத்து, பின்கதவையும் சாத்தி, நடுவில் பிள்ளையை வைத்திருந்தோம். எலிப்பொறி செய்கிறவன்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்யமாட்டான்.

நான் அவரைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

“நான் சர்ச்சுக்குப் போறவன். விளக்கு வைக்கிற நேரத்துல கதவைச் சாத்துங்கன்னு நான் போயி சொன்னா, தங்கச்சிக்கு அது எப்படிக் கேக்கும்? நீங்க சொல்லுங்க. ஆனா நாளைக்கே சொல்லிடுங்க.”

அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. நான் பயந்ததைத்தான் அவர் அறியவில்லை.

மறுநாள் சொன்னேன். என் வழக்கப்படி தூரத்திலிருந்து ஆரம்பித்தேன். இத்தாலி தேசத்துச் சதுப்பு நிலங்களில் முற்காலத்தில் இருந்த காய்ச்சல், கெட்ட காற்றால் அது வருகிறது என்று மக்கள் நம்பியது, கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தவர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஈரத் துணியைப் பிழிந்து பெண்ணின் நெற்றியில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“இப்ப என்ன சொல்ல வர்றீங்க?”

சொன்னேன். வாசல், விளக்கு, நேரம், வலையின் உள்பக்கம். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் துணியை மறுபடியும் நனைத்தாள். பிழியாமல் கையிலேயே வைத்திருந்தாள். தண்ணீர் பாயில் சொட்டியது.

“அப்ப நான்தான் தெனமும் கதவத் தெறந்து உள்ள விட்டிருக்கேன்.”

நாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஒரே ஒரு வார்த்தை. அதை விட்டுவிட்டு, அப்படித் திட்டமாகச் சொல்ல முடியாது, ஆபீசுக்கு வருகிற கொசுவும் கடித்திருக்கலாம், லயத்துக் கொசுவாகவும் இருக்கலாம் என்று ஒரு வக்கீல் மாதிரி பேசினேன். எத்தனையோ புத்தகங்களில் எத்தனையோ பாத்திரங்கள் சரியான நேரத்தில் சரியான வார்த்தையைப் பேசுவதைப் படித்து ரசித்தவன். என் வீட்டில் எனக்கு வரவில்லை. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆகிறது. அந்த இரண்டு நிமிஷத்தை இன்றைக்கும் அவ்வப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மாலை அவள் பெருக்கினாள், தெளித்தாள், பின்கதவைச் சாத்தினாள். விளக்கை ஏற்றினாள். கதவைத் திறக்கவில்லை. விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

“அவன் போன அன்னிக்கு ஒரு நாள்தான் இந்த நேரத்துல நம்ம வாசல் அடச்சுக் கிடந்துச்சு. இன்னொரு நாள் அப்படி இருக்கக்கூடாது.”

நான் வாயைத் திறக்கும் முன்பே மேலே சொன்னாள்.

“உள்ள உக்காந்துக்கிட்டு சாத்தினாத்தானே தப்பு? நான் வெளியில நிக்கிறேன். வர்றவளுக்கு வாசல்ல ஆள் இருந்தாப் போதும். நீங்க பிள்ளைகிட்ட இருங்க.”

சட்டென்று கதவைத் திறந்து வெளியே போய்ச் சாத்திக்கொண்டாள். சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று நான் கேட்கவில்லை. கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். மேல்படியில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கையிலும் கழுத்திலும் கொசு மொய்த்திருக்கும். அவள் கையை வீசவில்லை, அடிக்கவில்லை. கடிக்க வேண்டுமானால் என்னைக் கடிக்கட்டும் என்று நிற்பது போல எனக்குத் தோன்றியது. அப்படித்தான் நின்றாளா என்று நான் கேட்டதில்லை. நன்றாக இருட்டிய பிறகுதான் உள்ளே வந்தாள். கை முழுக்கத் தடிப்பு.

மூன்று நாள் இப்படி. நான் நிற்கிறேன் என்றால், ஆம்பளை நின்றால் கணக்காகாது என்றாள். மூன்றாம் நாள் டிரஸ்ஸர் அவள் கையைப் பார்த்துவிட்டு என்னைத்தான் திட்டினார். இவளும் படுத்துவிட்டால் பிள்ளையைப் பார்ப்பது யார், சீசாவா என்று கேட்டார்.

நான் போய்ச் சீனத் தச்சரைப் பார்த்தேன். வீட்டைக் கட்டிய அதே மனிதர். தெப்ராவ் சாலையோரம் அவர் பட்டறை. முதலிலேயே போயிருக்க வேண்டியவன், மூன்று புத்தகம் படித்திருந்த காரணத்தால் போகாமல் இருந்தேன். எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். வாசல் சாத்தியிருக்க வேண்டும், ஆனால் திறந்திருக்க வேண்டும். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வரைபடமும் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. சாமிக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பட்டறை வாசலிலும் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது; ஒரு தகரக் குவளையில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. “போலே லா” என்றார். முடியும் என்று அர்த்தம். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை.

மறுநாள் வந்தவர், விளக்கு எங்கே வைப்பது வழக்கம் என்று மனைவியைக் கேட்டு அங்கேயே வைக்கச் சொன்னார். ஏற்றச் சொன்னார். பிறகு படியிறங்கிப் பாதையில் போய்க் குந்தி உட்கார்ந்து வாசலைப் பார்த்தார். எழுந்து வந்து, நிலையில் சுடரின் உயரத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வலைக் கதவுக்கு நடுவில் குறுக்குச் சட்டம் வரவேண்டும். அது சுடரை மறைக்கக் கூடாது என்று அதை அரை முழம் மேலே தூக்கிவிட்டார். என் படத்தில் அது சரியாகச் சுடருக்கு நேரே இருந்தது. அந்தப் படம் போட்ட தாளில்தான் அவர் திருகாணிகளை மடித்துவைத்திருந்தார். பழைய பலகைக் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. வலைக் கதவை நிலையின் வெளிப்பக்கத்தில் பொருத்தினார். மேல்கீலை ஒரு நூல் அளவு தள்ளி வைத்தார்; கதவைத் திறந்து விட்டால் அதன் பாரத்திலேயே அது மெல்ல வந்து சாத்திக்கொண்டது. கயிறும் இல்லை, சீசாவும் இல்லை. என் பின்கதவை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்குள் இருந்த கொசுக்களை நானும் மனைவியும் சாம்பிராணிப் புகை போட்டு, துணியால் அடித்து, ஒவ்வொரு மூலையாகத் தீர்த்தோம். ஒரு பகல் முழுக்க அதற்கே போயிற்று.

புதுக் கதவுக்கு முதல் மாலை, காய்ச்சலுக்கு முறை நாள். அதற்கு முந்தைய முறையில் காய்ச்சல் கொஞ்சம் குறைந்து வந்திருந்தது. இந்த முறை மத்தியானம் வரவேண்டிய குளிர் வரவில்லை. சில சமயம் தாமதித்து வரும் என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தோம். பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. மனைவி பலகைக் கதவுகளை உள்பக்கம் விரியத் திறந்தாள். வலைக் கதவு சாத்தியபடி இருந்தது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, வெகுநேரம் அந்த வலையையே பார்த்தாள்.

“வெளியிலேருந்து பாத்தா வெளக்கு தெரியுமா?”

“தெரியும்.”

“உள்ள நின்னுக்கிட்டு சொல்லாதீங்க. போய்ப் பாத்துச் சொல்லுங்க.”

போனேன். படிக்குக் கீழே நின்று பார்த்தேன். தெரிகிறது என்றேன். இன்னும் தள்ளிப் போகச் சொன்னாள். செம்மண் பாதையில் இருபது அடி போய்த் திரும்பினேன். வலைக்குப் பின்னால் சுடர் கொஞ்சம் மங்கி, ஓரம் கலைந்து தெரிந்தது, ஆனால் தெரிந்தது. சொன்னேன். இன்னும், என்று குரல் வந்தது. லட்சுமி எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பாள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ரப்பர் மரங்கள் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் போனேன். கொசு சூழ்ந்துகொண்டது.

அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். அதன் முன்னால் இரண்டு நிழல்கள், உயரமாக ஒன்று, குட்டையாக ஒன்று. உயரமான நிழல் குனிந்தது. கை எழுந்து சின்னதின் நெற்றிக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. நான் கையில் மொய்த்ததைக்கூட விரட்டாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை நெற்றியிலிருந்து கழுத்துக்குப் போயிற்று. மறுபடியும் நெற்றிக்கு வந்தது.

தெரிகிறது என்று நான் கத்தியது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அங்கிருந்து அவள் குரல் வந்தது.

“காய்ச்சல் இல்லைங்க. வாங்க உள்ள.”

நான் ஓடினேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மறுபடியும் சொன்னாள்.

“அகலமாத் தெறக்காதீங்க. ஒடுங்கி வாங்க.”

ஒடுங்கித்தான் உள்ளே போனேன். கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.